வேலனும் தோழியும்: ஆவேசம் பற்றி ஒரு வரலாற்றுப் பார்வை

குறிஞ்சித் திணை படித்தவர்களுக்கு வெறியாட்டு நினைவிருக்கும். மகள் மெலிகிறாள்; உண்ண மறுக்கிறாள். தாய் பதறிப்போய் வேலனை அழைக்கிறாள். அவன் கழங்கு போட்டுப் பார்த்து, 'இது முருகன் செயல்' என்கிறான். களம் அமைத்து, மறி அறுத்து, தன்மேல் முருகன் இறங்க ஆடுகிறான். ஐங்குறுநூற்றில் கபிலர் இதற்கென்றே வெறிப்பத்து பாடியிருக்கிறார். உண்மைக் காரணம் தோழிக்குத்தான் தெரியும். தலைவி ஒருவனை விரும்புகிறாள். வீட்டில் சொல்ல வழியில்லை. கடைசியில் தோழி செவிலியிடம் விஷயத்தைப் போட்டு உடைக்கிறாள். இலக்கணத்தார் இதற்கு அறத்தொடு நிற்றல் என்று பெயர் வைத்தார்கள். எத்தனை அழகான பெயர்!

தலைவிக்கு வந்தது மனநோய் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் சொல்ல முடியாத ஒன்று உடம்பில் வெளிப்படும், அதை வீட்டார் தெய்வக் குற்றமாகப் படிப்பார்கள் என்ற அறிவு நம்மிடம் அன்றே இருந்திருக்கிறது.

மேல்நாட்டு மருத்துவம் இதற்கு மெதுவாகத்தான் வந்து சேர்ந்தது. நெடுங்காலம் 'ஹிஸ்டீரியா' என்ற ஒரே பெயரில் எல்லாவற்றையும் அடைத்து வைத்தார்கள். பிரெஞ்சு அறிஞர் பியேர் ஜானே 1889-ல் எழுதிய நூல் ஒரு திருப்பம். தாங்க முடியாத அனுபவம் நினைவோட்டத்திலிருந்து கழன்று, தனியாக இயங்கத் தொடங்கும் என்றார் அவர். இன்றைய 'டிஸோசியேட்டிவ்' கோளாறுகள் என்ற பெயருக்கு வேர் அதுதான். நினைவும் உணர்வும் 'நான்' என்ற எண்ணமும் சாதாரணமாகச் சேர்ந்தே ஓடும். இங்கே அவை பிரிந்து ஓடுகின்றன. சிலருக்குக் குறிப்பிட்ட காலத்து நினைவே இருக்காது. சிலர் தன்னைத் தானே தூரத்திலிருந்து பார்ப்பதுபோல் உணர்வார்கள். சிலருக்கு வலிப்பு மாதிரி வரும், வலிப்பாக இராது. சிலருக்குள் வேறொருவர் பேசுவார். இது மனச்சிதைவு நோய் அல்ல. அது வேறு, அதற்கு மருந்து வேறு.

நம் நாட்டில் அந்த 'வேறொருவர்' பெரும்பாலும் அம்மனாகவோ, இறந்துபோன உறவாகவோதான் வருகிறார். மேல்நாட்டார் பல ஆளுமை என்று எழுதியதும் இந்தியாவின் ஆவேச நிலையும் ஒப்பிடத்தக்கவை என்று டாக்டர் என்.என்.விக் போன்றவர்கள் 1981-லேயே எழுதினார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 1992-ஆம் ஆண்டுப் பட்டியலில் ஆவேச நிலை தனியாக இடம்பெற்றது. அதில் ஒரு நிபந்தனை உண்டு: சமயச் சடங்கிலும் சமூகம் ஏற்றுக்கொண்ட சூழலிலும் வருவதை நோயாகக் கொள்ளக் கூடாது. 2022 முதல் நடைமுறைக்கு வந்த புதிய பட்டியலிலும் இந்த வேறுபாடு இருக்கிறது.

இது நமக்கு முக்கியம். தாராவியில் ஆடி மாதம் உடுக்கைச் சத்தம் கேட்டதும் ஒரு பெரியவருக்குச் சாமி வருகிறது; குறி சொல்கிறார்; விபூதி பூசியதும் மலையேறிவிடுகிறது; மறுநாள் காலையில் வேலைக்குப் போய்விடுகிறார். அவருக்கு எந்த டாக்டரும் வேண்டாம். சிலப்பதிகாரத்துச் சாலினி காலத்திலிருந்து வரும் மரபு அது. ஆனால் கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகாத பெண்ணுக்கு, கேட்காமலே, வாரம் இரண்டு தடவை, சமையல் நடுவில் 'வந்துவிடுகிறது' என்றால், அது வேறு கதை.

அப்படி ஒரு பெண்ணை அறிவேன். திருநெல்வேலிப் பக்கம். பத்துக்குப் பத்து அறை, அதில் ஆறு பேர். சாதாரண நாளில் தலை நிமிராத பெண், சாமி வந்தால் மாமியாரை 'ஏட்டி' என்பாள். மாமியார் காலில் விழுவார். "நடிக்கிறா" என்றார் ஒருவர். "பேய்தான், ஊருக்குக் கொண்டு போங்க" என்றார் இன்னொருவர். நடிப்பு அல்ல, நடந்தது பிறகு அவளுக்கே நினைவில்லை.

மும்பையில் மனநல மருத்துவத்துக்குப் பஞ்சமில்லை. பொது மருத்துவமனையில் மனநலப் பிரிவு என்பதே இந்தியாவில் புதிதாக இருந்த 1938-ல், டாக்டர் மசானி ஜே.ஜே. மருத்துவமனையில் அதைத் தொடங்கினார். பின்னர் கே.இ.எம்.-மில் டாக்டர் வாஹியா பதஞ்சலி யோகத்தைச் சிகிச்சையில் சேர்த்துப் பார்த்தார். தாராவியிலிருந்து சயான் மருத்துவமனை நடை தூரம். இடைஞ்சல் தூரத்தில் இல்லை, பேச்சில் இருந்தது. அந்தப் பெண்ணுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். டாக்டர் கேட்பது மராத்தியில் அல்லது இந்தியில். மொழிபெயர்க்க உடன் போனவர் யார்? மாமியார்! யார் முன்னால் வாய் திறக்க முடியாமல் இந்த நோயே வந்ததோ, அவரே மொழிபெயர்ப்பாளர். நம் புலம்பெயர்ந்த வாழ்வில் வேலனுக்குக் குறைவில்லை, தோழிதான் இல்லை. பிறகு தமிழ்வழிப் பள்ளி ஆசிரியை ஒருவர் உடன் போனார். மற்றவர்களை வெளியே உட்காரச் சொன்னார்கள். அவள் என்ன சொன்னாள் என்பது இங்கே வேண்டாம்.

காரணம் எப்போதும் மாமியார்தான் என்று நினைத்துவிடாதீர்கள். சிறு வயதில் நேர்ந்த பாலியல் கொடுமை, அடி உதை, கண்ணெதிரே நடந்த மரணம், எதிர்க்கவும் முடியாமல் ஓடவும் முடியாமல் சிக்கிய நிலை, இவைதான் அடிக்கடி காணப்படுகின்றன. 2005-ல் வந்த 'அந்நியன்' அந்த ஒரு விஷயத்தைச் சரியாகத் தொட்டது. அம்பியின் கதை தங்கையின் சாவில் தொடங்குகிறது. அதே ஆண்டின் 'சந்திரமுகி'யைப் பார்த்துவிட்டு, ஒரு பாட்டு முடிவதற்குள் குணமாகிவிடும் என்று நம்பியவர்களும் உண்டு. மாட்டுங்கா அரோராவில் ரஜினி படம் பார்த்து வளர்ந்த நமக்கு அதைச் சொல்லவும் மனம் வரவில்லை. ஆனால் இந்நோயாளிகள் பிறரைக் கொல்வதில்லை. தங்களைக் காயப்படுத்திக்கொள்வதுதான் உண்மையான அபாயம்.

ஊருக்குக் கொண்டுபோவது பற்றி. 2002-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஓர் ஆய்வு, தமிழ்நாட்டு முத்துசாமி கோயில் ஒன்றில் தங்கிய 31 மனநோயாளிகளைப் பற்றியது. மந்திரம் இல்லை, அடி இல்லை; காலை வழிபாடு, லேசான கோயில் வேலை, உடன் ஒரு உறவினர். சராசரி ஆறு வாரத்தில் நோய்க்குறி ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடியில் தனியார் காப்பகக் கொட்டகை தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியவில்லை. சங்கிலியால் கட்டுவதை 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் தடை செய்திருக்கிறது. ஆகவே நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுக்குமுன், அங்கே என்ன செய்வார்கள் என்று கேளுங்கள். மிளகாய்ப் புகை, சாட்டை, சங்கிலி என்றால் டிக்கெட்டைக் கேன்சல் பண்ணுங்கள்.

சிகிச்சையில் முதல் வேலை வலிப்பு நோயும் மூளைக் கோளாறும் இல்லையென்று உறுதி செய்வது, இ.இ.ஜி. போன்ற பரிசோதனைகள் அதற்குத்தான். இந்நோயைத் தீர்க்கவென்று தனி மாத்திரை கிடையாது. உடன் மனச்சோர்வோ பதற்றமோ இருந்தால் அதற்கு மருந்து தருவார்கள். மற்றபடி பேச்சுதான் மருந்து, மாதக்கணக்கில். வீட்டில் கொடுமை தொடர்ந்தால் அந்தப் பேச்சும் பலிக்காது. 'வந்திருக்கும்' நேரத்தில் கூட்டம் கூடாமல், கேள்வி கேட்காமல், அடிபடாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் சேவையில் 14416 என்ற எண்ணில் தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. அந்த எண்ணை வீட்டு மருமகளின் போனில் பதிந்து கொடுங்கள், மாமனார் போனில் மட்டும் அல்ல.