விருத்தாசலம்: மாசி, பங்குனியில் போனால் என்னென்ன பார்க்கலாம்? பீங்கான் நகரத்துக்கு ஒரு முழு கைடு

சென்னையிலிருந்து திருச்சிக்கு ரயிலில் போகிறவர்கள் எல்லோருக்கும் விருத்தாசலம் ஜங்ஷன் தெரியும். டீ குடிக்க இறங்கியிருப்பார்கள், தண்ணீர் பாட்டில் வாங்கியிருப்பார்கள். ஆனால் ஸ்டேஷனைத் தாண்டி ஊருக்குள் போனவர்கள் குறைவு. கடலூர் மாவட்டத்தில் மணிமுத்தாற்றின் கரையில் இருக்கும் இந்த ஊரில் அப்படி என்ன இருக்கு? எந்த மாதத்தில் போகணும்? பீங்கான் வாங்கும்போது எதைக் கவனிக்கணும்? வாங்க, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

எப்போது போவது நல்லது?

தமிழ்க் கணக்குப்படி இளவேனில் காலம் என்பது சித்திரையும் வைகாசியும். ஆனால் அந்தக் கணக்கை நம்பி சித்திரையில் விருத்தாசலம் போனால் வெயிலில் வாடி வதங்கிவிடுவீர்கள். கடலூர் மாவட்டத்தின் உட்பகுதி என்பதால் கடல் காற்றும் இங்கே அவ்வளவாக எட்டாது. மே மாதம் அக்னி நட்சத்திரம் வந்துவிட்டால் பகலில் வெளியே தலைகாட்டவே முடியாது.

அதனால் இந்த ஊருக்குச் சரியான நேரம் மாசியும் பங்குனியும்தான். அதாவது பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை. காலையில் லேசான பனி இருக்கும், மதிய வெயிலும் தாங்கக்கூடியதாக இருக்கும். ஊரின் இரண்டு பெரிய திருவிழாக்களும் இந்த இரண்டு மாதங்களில்தான் வருகின்றன. சுற்றுவட்டார முந்திரித் தோப்புகளில் அறுவடை தொடங்குவதும் இதே சமயத்தில்தான்.

மலையே இல்லை, பெயரில் மட்டும் ஏன் மலை?

'விருத்தம்' என்றால் பழமை, 'அசலம்' என்றால் மலை. தேவாரத்தில் இந்த ஊருக்கு திருமுதுகுன்றம் என்று பெயர். அதற்கும் பழைய குன்று என்பதுதான் பொருள். ஆனால் ஊருக்குள் எங்கே தேடினாலும் மலை கண்ணில் படாது. உலகில் முதலில் தோன்றிய மலை இதுதான், திருவண்ணாமலைக்கும் இது மூத்தது, அந்த மலைதான் இறைவனாகவே இங்கு இருக்கிறது என்று தலபுராணம் சொல்கிறது. அதனால்தான் இங்குள்ள சிவனுக்கு விருத்தகிரீஸ்வரர், பழமலைநாதர் என்று பெயர்கள்.

இந்தப் பெயருக்கு இலக்கியத்திலும் ஒரு தொடர்பு உண்டு. சிறுகதை எழுத்தாளர் புதுமைப்பித்தனின் இயற்பெயர் விருத்தாசலம். 1906-ம் ஆண்டு இதே கடலூர் பக்கத்தில் உள்ள திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தவர் அவர்.

பழமலைநாதர் கோயில்: எல்லாமே ஐந்து

அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவரும் பாடிய தலம் இது. சோழ அரசி செம்பியன் மாதேவி 10-ம் நூற்றாண்டில் இதைக் கற்கோயிலாக எடுத்துக் கட்டினார். பிற்காலத்தில் காடவ மன்னர்கள் காலத்திலும் திருப்பணிகள் நடந்தன.

குழந்தைகளோடு போனால் ஒரு விளையாட்டு வைக்கலாம். இந்தக் கோயிலில் எல்லாமே ஐந்து ஐந்தாக இருக்கும். ஐந்து கோபுரம், ஐந்து பிரகாரம், ஐந்து கொடிமரம், ஐந்து நந்தி, ஐந்து தேர். இன்னும் என்னவெல்லாம் ஐந்து என்று எண்ணச் சொல்லுங்கள், அரை நாள் போவதே தெரியாது.

தவறவிடக் கூடாத இடங்கள்:

- ஆழத்துப் பிள்ளையார்: தரைமட்டத்துக்குக் கீழே, படி இறங்கிப் போய்ப் பார்க்க வேண்டிய சன்னதி.
- 28 லிங்கங்கள்: சைவ ஆகமங்கள் 28. ஒவ்வொரு ஆகமத்துக்கும் ஒன்றாக முருகன் இந்த லிங்கங்களை வைத்து வழிபட்டதாக ஐதீகம்.
- வன்னி மரம்: விபசித்து முனிவர் கோயில் திருப்பணி செய்தபோது, வேலையாட்களுக்குக் கூலியாக வன்னி இலைகளைக் கொடுத்தாராம். யார் எவ்வளவு உழைத்தார்களோ அந்த அளவுக்கு அது பொன்னாக மாறியதாம். வேலை செய்யாமல் ஏமாற்றியவர் கையில் வெறும் இலைதான் மிஞ்சும்!
- இரண்டு அம்மன்: விருத்தாம்பிகை என்ற பெரியநாயகி ஒரு சன்னதியில், இளமைக் கோலத்தில் பாலாம்பிகை இன்னொரு சன்னதியில்.

'ஆற்றில் போட்டு குளத்தில் தேடுவது' என்று பேச்சுவழக்கில் சொல்வோம் இல்லையா? அதற்கான கதையும் இந்த ஊரில்தான் தொடங்குகிறது. சுந்தரர் இங்கே இறைவனிடம் 12,000 பொன் பெற்றார். வழியில் திருடர் பயம். அதனால் பொன்னை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, திருவாரூர் கமலாலயம் குளத்தில் எடுத்துக்கொண்டார் என்கிறது புராணம்.

மாசி மகம்: எதற்கு இவ்வளவு கூட்டம்?

காசியை விட ஒரு வீசம் புண்ணியம் கூடுதல் என்பது இந்த ஊரைப் பற்றிய பழைய நம்பிக்கை. வீசம் என்றால் பதினாறில் ஒரு பங்கு. அதனால் இதற்கு விருத்தகாசி என்றும் ஒரு பெயர் உண்டு. முன்னோருக்குத் திதி கொடுக்க காசிக்குப் போக முடியாதவர்கள் மாசி மகத்தன்று மணிமுத்தாற்றுக்கு வருகிறார்கள்.

திருவிழா கொடியேற்றத்தோடு தொடங்குகிறது. ஆறாம் நாள் விபசித்து முனிவருக்கு இறைவன் காட்சி தரும் நிகழ்ச்சி. மகத்துக்கு முந்தைய நாள் ஐந்து தேர்களும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். மறுநாள் ஆற்றில் தீர்த்தவாரி. கூட்டம் பிடிக்கும் என்றால் தேர் நாளில் போங்கள். கோயிலை நிதானமாகப் பார்க்கணும் என்றால் திருவிழா முடிந்து ஒரு வாரம் கழித்துப் போவது நல்லது. பிப்ரவரி பிற்பாதிக்கும் மார்ச் நடுப்பகுதிக்கும் இடையில் தேதி வருஷா வருஷம் மாறும். பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.

ஒரு விஷயத்தை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. மணிமுத்தாறு மழையை நம்பிய ஆறு. கோடையில் பெரும்பாலும் மணல்தான் தெரியும். புண்ணிய நதி என்று போய் ஏமாற வேண்டாம். துணி, மாலை, பிளாஸ்டிக் கவரை அங்கேயே போட்டுவிட்டும் வர வேண்டாம்.

கொளஞ்சியப்பர்: சாமியிடமே மனு கொடுக்கும் கோயில்

ஊரிலிருந்து மேற்கே சுமார் 2 கி.மீ. தூரத்தில் மணவாளநல்லூரில் இருக்கிறது கொளஞ்சியப்பர் கோயில். இங்கே முருகன் வேலோடும் மயிலோடும் நிற்கவில்லை. பலிபீட வடிவக் கல்தான் மூலவர்.

இந்தக் கோயிலை தமிழ்நாட்டில் பிரபலமாக்கியது 'பிராது கட்டுதல்' என்ற வழக்கம். பணம் வாங்கிவிட்டுத் தராதவர், நகை திருட்டு, குடும்பத் தகராறு, குழந்தையின்மை என எந்தக் குறையானாலும் கொளஞ்சியப்பர் பெயருக்கு ஒரு தாளில் மனு எழுத வேண்டும். கோயிலில் கட்டணம் செலுத்தி பூஜை முடிந்ததும், அதை முனியப்பர் சன்னதியில் உள்ள வேலில் கட்டிவிடுவார்கள். காரியம் முடிந்துவிட்டால் கதை அதோடு முடியாது. திரும்பி வந்து 'ராஜினாமா' செய்ய வேண்டும், அதாவது மனுவை வாபஸ் வாங்க வேண்டும். கோர்ட்டு நடைமுறை அப்படியே கோயிலுக்கு வந்த மாதிரி!

கட்டியிருக்கும் மனுக்களை எடுத்துப் படிப்பதோ, எழுத்து தெரியும்படி போட்டோ எடுப்பதோ கூடாது. அதில் இருப்பது அடுத்தவர் வீட்டுக் கஷ்டம். பங்குனி உத்திரம் இங்கே முக்கியத் திருவிழா. காவடி எடுத்து வரும் பக்தர்களால் அன்று சாலை முழுக்க நிரம்பியிருக்கும்.

பீங்கான் ஊரானது எப்படி?

கோயில் ஊருக்கு 'செராமிக் டவுன்' என்று இன்னொரு பெயர் கிடைத்ததற்குக் காரணம் பக்கத்தில் உள்ள நெய்வேலி. நிலக்கரியை எடுக்கணும் என்றால் அதன் மேலே இருக்கும் மண்ணை முதலில் அகற்ற வேண்டும். அப்படித் தோண்டும்போது கிடைப்பதுதான் வெள்ளைக் களிமண். மூலப்பொருள் பக்கத்திலேயே கிடைத்தது, நாலா பக்கமும் ரயில் பாதையும் இருந்தது. அதனால் இங்கே அரசு பீங்கான் தொழிற்பேட்டை உருவானது. பீங்கான் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ படிப்பு நடத்தும் அரசு பயிலகமும் இந்த ஊரில் இருக்கிறது.

ஒரு பொம்மையோ விளக்கோ எப்படி உருவாகிறது?

1. களிமண்ணோடு ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் கற்பொடிகளைச் சேர்த்து, தண்ணீர் விட்டு கூழாக அரைக்கிறார்கள்.
2. அந்தக் கூழை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஓரமாக ஒரு படலம் கெட்டியானதும் மீதிக் கூழைக் கவிழ்த்துவிடுவார்கள். பொம்மை உள்ளே காலியாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.
3. அச்சிலிருந்து எடுத்து, பிசிறுகளைச் சீவி, காய வைக்கிறார்கள்.
4. கண்ணாடிப் பூச்சு கொடுத்து, சூளையில் சுமார் 1,200 டிகிரி செல்சியஸ் சூட்டில் வேக வைக்கிறார்கள். காய்ந்து வெந்து வரும்போது பொருள் கணிசமாகச் சுருங்கிவிடும். அதனால் அச்சையே பெரிதாகச் செய்ய வேண்டும்.

இதில் மூன்றாவது வேலைக்கு வெயில் முக்கியம். மழைக்காலத்தில் சரியாகக் காயாத பொருளை சூளையில் வைத்தால் வெடித்துவிடும். பட்டறைகளில் வேலை நடப்பதைப் பார்க்க வேண்டும் என்றால் வெயில் மாதங்களே வசதி என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தொழிலுக்கு என்ன சிக்கல்?

ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு மெயின் பாக்ஸில் பீங்கான் ஃபியூஸ் கேரியர் இருந்தது. ஊறுகாய்க்குப் பீங்கான் ஜாடி. டீக்கடையில் பீங்கான் கப். இப்போது ஃபியூஸ் இருந்த இடத்தில் தானியங்கி சுவிட்ச் வந்துவிட்டது. ஜாடி பிளாஸ்டிக் டப்பாவாகிவிட்டது, டீ பேப்பர் கப்பில் வருகிறது. எஞ்சியிருப்பதில் பெரிய பங்கு அகல் விளக்கும் பொம்மையும்தான். அதாவது கார்த்திகை தீபத்தையும் நவராத்திரி கொலுவையும் நம்பிய வியாபாரம். வருஷத்தில் சில வாரம் விற்பதை வைத்து வருஷம் முழுக்கச் சம்பளம் கொடுக்கணும். சூளைக்கான எரிபொருள் செலவு வேறு.

அதனால்தான் சீசன் இல்லாத மாசி, பங்குனியில் வரும் ஒரு வாடிக்கையாளருக்கு இங்கே மதிப்பு அதிகம். கார்த்திகைக்கு விளக்கு வாங்க நவம்பர் வரை காத்திருக்காமல் இப்போதே வாங்கினால், தேர்வு செய்ய நேரமும் கிடைக்கும், பட்டறைக்குக் கையில் காசும் கிடைக்கும்.

வாங்கும்போது எதைக் கவனிக்கணும்?

- தட்டிப் பாருங்கள்: நன்றாக வெந்த பீங்கான் 'டிங்' என்று மணி மாதிரி ஒலிக்கும். 'டொக்' என்றால் விரிசல் இருக்கலாம் அல்லது வேக்காடு போதவில்லை.
- அடியைப் பாருங்கள்: பூச்சு இல்லாத அடிப்பகுதியில் ஒரு சொட்டு தண்ணீர் விடுங்கள். உடனே உறிஞ்சினால் அது சரியாக வேகவில்லை என்று அர்த்தம். அப்படிப்பட்ட விளக்கில் எண்ணெய் கசியும்.
- பிளாஸ்டர் பொம்மையா, பீங்கானா: பிளாஸ்டர் பொம்மையின் அடியை நகத்தால் கீறினால் வெள்ளைப் பொடி உதிரும். பீங்கானில் உதிராது.
- சாப்பாட்டுக்கா, அழகுக்கா: வெந்த பிறகு மேலே பெயின்ட் அடித்த பொருளைச் சாப்பாட்டுக்குப் பயன்படுத்தக் கூடாது. கப், தட்டு வாங்கும்போது பூச்சு முழுமையாக இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.
- பட்டறைக்குள் போகும் முன் அனுமதி கேளுங்கள்: சுற்றுலாவுக்காகத் திறந்து வைத்த இடமில்லை, வேலை நடக்கும் இடம். காயும் பொருளைத் தொடக் கூடாது. ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்ப்பது நல்லது.

முந்திரி, பலா, மல்லாட்டை

தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இந்த ஊரில் இருக்கிறது. விவசாயிகள் 'வி.ஆர்.ஐ' என்று சொல்லும் முந்திரி, நிலக்கடலை ரகங்கள் இங்கிருந்து வந்தவை. அந்த மூன்று எழுத்தும் விருத்தாசலத்தின் சுருக்கம்தான். நிலக்கடலையை இந்தப் பக்கம் மல்லாட்டை என்பார்கள். கடையில் அப்படிக் கேட்டால் கூடுதல் சிரிப்போடு கிடைக்கும்.

மார்ச் மாதத்தில் முந்திரிப் பழம் பழுக்கத் தொடங்கும். சாறு துணியில் பட்டால் கறை போகாது, ஜாக்கிரதை. பங்குனிக்குப் பிறகு பண்ருட்டி பலா வரத்தும் தொடங்கிவிடும்.

பக்கத்தில் வேறு என்ன இருக்கு?

- ஸ்ரீமுஷ்ணம்: சுமார் 25 கி.மீ. பூவராக சுவாமி கோயில். மாசி மகத்துக்கு இந்தப் பெருமாள் கிள்ளை கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்குப் போவார். அங்குள்ள தர்கா சார்பில் அவருக்கு மரியாதை செய்யும் வழக்கம் தொடர்கிறது.
- பெண்ணாடம்: திருச்சி ரயில் பாதையில் பக்கத்திலேயே உள்ள ஊர். யானையின் பின்புறம் போன்ற விமானம் கொண்ட பிரளயகாலேஸ்வரர் கோயில் இங்கே உள்ளது.
- வடலூர்: கடலூர் போகும் வழியில், வள்ளலாரின் சத்திய ஞான சபை.

எப்படிப் போவது? ஒரு நாள் போதுமா?

சென்னை எழும்பூரிலிருந்து திருச்சி மார்க்கமாகப் போகும் வைகை உள்ளிட்ட பல எக்ஸ்பிரஸ் ரயில்கள் இங்கே நிற்கும். சேலத்திலிருந்தும் கடலூரிலிருந்தும் கிளைப் பாதைகள் உண்டு. சாலை வழியாக என்றால் சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில் உளுந்தூர்பேட்டை வந்து திரும்ப வேண்டும். சென்னையிலிருந்து சுமார் 220 கி.மீ.

ஊரை மட்டும் பார்க்க ஒரு நாள் போதும். காலை 7 மணிக்குப் பழமலைநாதர் கோயில். 10 மணிக்குக் கொளஞ்சியப்பர். இரண்டு கோயில்களிலும் மதியம் நடை சாத்துவார்கள் என்பதால் இந்த வரிசை வசதி. சாப்பிட்டு, வெயில் தணிந்ததும் 3 மணிக்குப் பீங்கான் தொழிற்பேட்டை. ஸ்ரீமுஷ்ணமும் பெண்ணாடமும் சேர்த்துப் பார்க்கணும் என்றால் ஒரு ராத்திரி தங்குங்கள்.

கிளம்பும்போது பையில் இரண்டு பழைய துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கிய விளக்கை அதில் சுற்றி வைத்தால் எழும்பூர் வரை உடையாமல் வந்து சேரும்.