கொல்லிமலையில் சாட்சியும் காத்திருப்பும்

முள்ளுக்குறிச்சி, இன்றைய நாமக்கல் மாவட்டத்தில் கொல்லிமலையின் அடிவாரத்தே அமைந்த ஊர். குறிஞ்சி நிலத்துச் சிற்றூரைக் குறிச்சி என வழங்குதல் பழைய மரபு. அவ்வூரிலிருந்து நிமிர்ந்து நோக்கின் தோன்றும் மலை, வல்வில் ஓரியின் மலை. கொல்லிப்பாவையால் சங்கப் புலவர் பாடல்களில் இடம்பெற்ற மலை. அங்குக் கிறித்தவம் புகுந்த வரலாற்றில், பயன் கண்ட ஆண்டுகளினும் பயன் காணாது கழிந்த ஆண்டுகளே ஆராய்தற்குரியன என்பது நம் கருத்து.

கிறித்தவர் தம்மைக் கடவுளின் சாட்சிகள் என்பர். சாட்சி என்னும் வடசொல் கண்ணால் கண்டவனைக் குறிப்பது. ஆயின் கிறித்தவர் எதிர்நோக்குவதோ இன்னும் காணப்படாத ஒன்று, இயேசுவின் மறுவருகை. கண்டதற்குச் சான்று பகர்ந்துகொண்டே காணாததற்குக் காத்திருத்தல் எங்ஙனம்? அப்போஸ்தலர் நடபடிகளின் முதல் அதிகாரம் இவ்விரண்டையும் அடுத்தடுத்தே வைக்கிறது. சாட்சிகளாக இருக்கும்படி பணிக்கப்பெற்ற சீடர், வானத்தை அண்ணாந்து பார்த்து நின்றமைக்காக உடனே வினவப்படுகின்றனர். வாளா நின்று நோக்குதல் காத்திருப்பு ஆகாது என்பதே அதன் குறிப்பு.

1907இல் இந்தியா வந்த ஜெஸ்ஸி பிராண்டு என்னும் ஆங்கிலேயர், 1913இல் ஈவ்லினை மணந்து கொல்லிமலையில் குடியேறினார். ஆண்டுகள் பல சென்றும் மலையாளிப் பெருமக்களுள் ஒருவரும் அவர்தம் சமயத்தைத் தழுவிற்றிலர். அதற்கிடையில் அவர் செய்தவை யாவை? புண்ணுக்கு மருந்திட்டார், பல் பிடுங்கினார், வீடு கட்டினார், மலைமக்களின் குறைகளை அதிகாரிகளிடம் எடுத்துரைத்தார். நரம்புச்சிலந்தி நோயை ஒடுக்க அவர் கண்ட வழி குறிப்பிடத்தக்கது. நோயுற்றவர் கிணற்று நீரில் கால் வைக்கும்போது புழுவின் குஞ்சுகள் நீரில் கலக்கின்றன. அந்நீரைப் பருகுவோரை நோய் பற்றுகிறது. கிணற்றைச் சுற்றிக் கற்சுவர் எழுப்பிவிடின் கால் நீரில் படாது. சமயவுரைகள் பலவற்றினும் அச்சுவர் அம்மக்களுக்குத் தெளிவாகப் பேசியிருக்கும்!

1918இல் உலகெங்கும் பரவிய நச்சுக்காய்ச்சல் மலையையும் எட்டியது. புதுச் சமயத்தைக் கடுமையாக எதிர்த்துவந்த பூசாரி ஒருவர் நோயுற்றார். சுற்றத்தார் அஞ்சி விலகியபோது பிராண்டு இணையரே அவரைப் பேணினர் என்றும், இறக்குமுன் அவர் தம் மக்களை அவர்களிடமே ஒப்படைத்தார் என்றும் கூறுவர். இச்செய்தி பெரிதும் ஊழியர் தரப்பிலிருந்தே நமக்குக் கிடைப்பது. மலைமக்கள் தம் வாயால் சொல்லியது ஏட்டில் ஏறிற்றிலது. ஆகவே அப்பூசாரியின் உள்ளத்தை நாம் வரையறுத்தல் பொருந்தாது. மக்களை யாரிடம் விட்டுச் செல்லலாம் என அவர் தேர்ந்தார் என்ற அளவே துணியத்தக்கது.

1929 ஜூன் 15ஆம் நாள் ஜெஸ்ஸி பிராண்டு கருநீர்க் காய்ச்சலால் மாண்டார். 1923இல் கல்வியின்பொருட்டு இங்கிலாந்து சென்ற மகன் பால், தந்தையின் வருகையை அங்கே எதிர்நோக்கியிருந்தான். இறப்புச் செய்தி தந்தியில் முந்தி வந்தது. தந்தை எழுதிய மடல் கப்பலில் பிந்தி வந்தது. இம்மகனே பின்னர் வேலூர் மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளரின் முடங்கிய விரல்களை அறுவை மருத்துவத்தால் இயங்கச் செய்த பால் பிராண்டு.

ஈவ்லின் அம்மையாரோ மலைப்பணியை விட்டாரில்லர். சங்கப் பணியினின்று ஓய்வுபெற்றபின், ஏறத்தாழ எழுபது அகவையில், தம் பொறுப்பிலேயே மீண்டும் மலையேறினார். கல்ராயன் முதலிய பிற மலைகளுக்கும் மட்டக்குதிரையில் சென்றார். நடை தளர்ந்த பிறகு இரு மூங்கிற் கோல்களை ஊன்றி நடந்தார். 1974 டிசம்பரில், 95ஆம் வயதில் மறைந்த அவர் உடல், 45 ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பெற்ற கணவரின் அருகே, கொல்லிமலையில் அடக்கம் செய்யப்பட்டது.