வேகமா, கைத்திறனா? 1965 சொல்லும் பாடம்



"ரஃபேல் மாதிரி விமானமெல்லாம் வந்த பிறகு பைலட்டின் திறமைக்கு என்ன வேலை சார்?" என்று பழைய மாணவர் ஒருவர் கேட்டிருந்தார். பதில் எல்லோருக்கும் பயன்படும் என்பதால் இங்கேயே எழுதுகிறேன்.

1965 செப்டம்பர் 7. பாகிஸ்தானின் சர்கோதா விமானத் தளத்தைத் தாக்க நம் மிஸ்டீர் விமானங்கள் போயின. அதில் ஒருவர் குடகுக்காரர், ஸ்குவாட்ரன் லீடர் தேவய்யா. அவரை மறித்தது ஸ்டார்ஃபைட்டர். ஒலியைவிட இரண்டு மடங்கு வேகம் போகக்கூடியது. மிஸ்டீரோ நேர்ப்பறப்பில் ஒலியின் வேகத்தையே எட்டாது. தேவய்யாவின் விமானம் முதலிலேயே அடிவாங்கிவிட்டது. ஆனாலும் அவர் திரும்பி மோதினார்.

ஸ்டார்ஃபைட்டரின் இறக்கைகள் குட்டையானவை, மெல்லியவை. நேராகப் பறந்தால் அதைப் பிடிக்க முடியாது. ஆனால் தாழ்வான உயரத்தில் வளைந்து திரும்பும் சண்டையில் அதற்குச் சிரமம். அந்தச் சண்டையில் ஸ்டார்ஃபைட்டர் வீழ்ந்தது. அதன் விமானி அம்ஜத் ஹுசைன் பாராசூட்டில் தப்பினார். தேவய்யா திரும்பி வரவில்லை.

இங்கே யாருக்கும் நடந்தது தெரியாது. 1979-இல் பிரிட்டிஷ் எழுத்தாளர் ஜான் ஃப்ரிக்கரின் புத்தகம் வந்த பிறகே விஷயம் வெளிப்பட்டது. 1988-இல், 23 ஆண்டுகள் கழித்து, மகாவீர் சக்ரா அறிவிக்கப்பட்டது.

"அப்படியானால் திறமை போதும்" என்று முடித்துவிடாதீர்கள். அதற்கு ஆறு நாள் முன்பு, செப்டம்பர் 1 மாலை, சம்ப் பகுதியில் பீரங்கி வண்டிகளைத் தடுக்க நம் 45-ஆம் ஸ்குவாட்ரன் வாம்பயர்களில் போனது. 1943-இல் முதன்முதலாகப் பறந்த வகை அது. எதிரே வந்தவை சேபர் ஜெட்டுகள். நான்கு விமானங்களை இழந்தோம். மூன்று விமானிகள் உயிரிழந்தார்கள். அவர்களுக்குத் துணிச்சலோ பயிற்சியோ குறைவில்லை. அதன்பின் வாம்பயர்கள் முன்வரிசையிலிருந்து விலக்கப்பட்டன.

நம் உப்பளக்காரர்களுக்கு இது எளிதில் புரியும். தண்ணீர் எப்போது பதமாகும், எப்போது உப்பு வார வேண்டும் என்பது கைப்பழக்கம். ஆனால் வரப்பு உடைந்து வெள்ளம் புகுந்தால் எந்தக் கைப்பழக்கமும் பாத்தியைக் காப்பாற்றாது. திறமைக்கு வேலை செய்ய ஓர் இடைவெளி வேண்டும். மிஸ்டீருக்கு அது இருந்தது, வாம்பயருக்கு இல்லை.

ஆகவே தேவய்யாவைப் புகழும்போது, பழைய விமானத்தில் வீரர்களை அனுப்புவதற்கு அந்தப் புகழைச் சாக்காக்கக் கூடாது. நல்ல கருவி தருவது நாட்டின் கடமை. அதன் பலமும் பலவீனமும் அறிந்து ஓட்டுவது வீரரின் கடமை.

அதே 45-ஆம் ஸ்குவாட்ரன் இன்று தேஜஸ் விமானங்களோடு கோவை சூலூரில் இருக்கிறது. நம் பக்கத்துத் தாம்பரத்தில் விமானப் பயிற்சி ஆசிரியர்களை உருவாக்கும் பள்ளியும் இருக்கிறது. கருவி, கல்வி இரண்டுமே நம் தமிழ்நாட்டு மண்ணில் இருப்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். விமானப்படைத் தேர்வுக்குப் படிப்பவர்கள் இயற்பியலை விட்டுவிடாதீர்கள்!