ஸ்பானியப் படிக்கட்டில் ஐஸ்கிரீம் சாப்பிடக் கூடாது!

ரோம் நகரத்துக்குப் போகிறவர்களில் ஒரு ரகம் உண்டு. போப் ஆண்டவரோ ஜூலியஸ் சீஸரோ அவர்களுக்கு முக்கியமில்லை. ஆட்ரி ஹெப்பர்ன் எந்தப் படியில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டார், கிரிகரி பெக் எந்த வீட்டு மாடியில் குடியிருந்தார் என்று மேப்பில் புள்ளி வைத்துக்கொண்டு அலைவார்கள். நான் ரோமுக்குப் போனதில்லை. ஆனால் 'ரோமன் ஹாலிடே'யை நாலு தடவை பார்த்துவிட்டு, ஒவ்வொரு காட்சிக்கும் மேப்பில் புள்ளி வைத்த வகையில் நானும் அந்த ரகம்தான். அப்படி வைத்துக்கொண்டே போனபோது, இந்தக் காதல் படத்துக்குப் பின்னால் ஒரு கணக்குப் புத்தகமும், ஒரு யுத்தமும், ஒரு ஜெயில் கைதியும் இருப்பது தெரிந்தது.

கதை தெரியாதவர்களுக்கு நாலே வரி. பெயர் சொல்லாத ஏதோ ஒரு நாட்டு இளவரசி ஆன். சடங்கு, சம்பிரதாயம், கைகுலுக்கல் எல்லாம் சலித்துப் போய் ரோமில் ஒரு ராத்திரி தூதரகத்தை விட்டு ஓடிவிடுகிறாள். அமெரிக்க நிருபர் ஜோ கையில் மாட்டுகிறாள். அவன் அவளை யாரென்று தெரியாத மாதிரி நடித்து, ஊர் சுற்றிக் காட்டி, அதைச் செய்தியாக விற்கப் பார்க்கிறான். நடுவில் காதல் வந்துவிடுகிறது. 1953-ல் வந்த படம். இயக்கம் வில்லியம் வைலர்.

முதலில் கணக்குப் புத்தகம். (பி.காம் புத்தியை விட முடியுமா!) ஹாலிவுட்டில் செட் போட்டு எடுக்கலாமே, ஏன் ரோம்? வைலருக்கு நிஜ ஊர் வேண்டும் என்ற பிடிவாதம் இருந்தது. ஆனால் ஒரு டைரக்டரின் பிடிவாதத்துக்காக மட்டும் எந்தக் கம்பெனி கடல் தாண்டிப் படப்பிடிப்பு நடத்தும்? இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் இத்தாலியில் அமெரிக்கப் படங்கள் வெள்ளமாகப் புகுந்தன. வசூலும் அள்ளியது. ஆனால் எல்லாம் லிரா. டாலர் தட்டுப்பாட்டில் இருந்த அரசு, அந்தப் பணத்தை மாற்றி வெளியே எடுத்துப் போகக் கட்டுப்பாடு வைத்தது. ஆக, ஹாலிவுட் கம்பெனிகளுக்கு இத்தாலிய பேங்குகளில் பணம் கிடக்கிறது, புத்தகத்தில் லாபமாகத் தெரிகிறது, ஆனால் கைக்கு வராது. என்ன செய்வார்கள்? அந்த லிராவை இத்தாலியிலேயே செலவு செய்து ஒரு படம் எடு. படச்சுருளை டப்பாவில் போட்டு அமெரிக்காவுக்கு அனுப்பு. அங்கே அது டாலராக மாறும். 1951-ல் வந்த 'க்வோ வாடிஸ்' போன்ற பிரம்மாண்டப் படங்களும் இந்த வழியில்தான் ரோமில் பிறந்தன. எக்ஸாமில் இப்படி ஒரு கேள்வி வந்தால் நான் முழு மார்க் வாங்குவேன்.

அப்படியும் பாரமவுண்ட் கம்பெனி கையைச் சுருக்கியது. ரோமில் எடுக்கலாம், ஆனால் கலர் கிடையாது, கருப்பு வெள்ளைதான். கதாநாயகியும் பெரிய ஸ்டாராக இல்லாமல் அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு பெண். அந்தப் பெண்தான் ஆட்ரி ஹெப்பர்ன். சிக்கனத்தில் விளைந்த புண்ணியம் என்று இதைவிட ஒன்றைச் சொல்ல முடியுமா?

1952 கோடையில் படப்பிடிப்பு. உட்புறக் காட்சிகள் சில சினெசித்தா ஸ்டூடியோவில். முசோலினி 1937-ல் திறந்து வைத்த ஸ்டூடியோ அது. போரில் குண்டு விழுந்தது. அப்புறம் 1950 வரை அந்தத் தளங்களில் வீடிழந்த அகதிகள் குடியிருந்தார்கள். படத்தில் ஜோவின் அறை தீப்பெட்டி மாதிரி இருக்கிறதே என்று இளவரசி ஆச்சரியப்படும்போது எனக்கு இதுதான் ஞாபகம் வருகிறது. இரண்டு வருஷம் முன்னால் அந்த ஸ்டூடியோவில் தீப்பெட்டி அளவு இடத்தில் குடும்பங்களே இருந்தன.

அந்த அறைக்குப் போகும் முற்றமும் மாடிப்படியும் மட்டும் நிஜம். வியா மார்குத்தா தெரு, 51-ம் எண். ஓவியர்கள் வாழ்ந்த தெரு. இயக்குநர் ஃபெலினி வீடும் அதே தெருவில் 110-ம் எண்ணில்தான். 51 தனியார் கட்டடம், ஆகவே கேட் வழியாக எட்டிப் பார்க்கத்தான் முடியும். எட்டிப் பார்ப்பதற்கே கூட்டம் வருகிறது.

மறுநாள் ஜோ அவளுக்குக் கடனாகக் கொடுப்பது ஆயிரம் லிரா. ஆயிரமா என்று அவள் மலைக்க, ஒன்றரை டாலர்தான் என்கிறான். அன்றைய மாற்று விகிதம் டாலருக்குச் சுமார் 625 லிரா, ஆகவே கணக்கு ஏறக்குறைய சரி. அந்தக் காசில் செருப்பு, முடிவெட்டு, ஐஸ்கிரீம்! சலூன் ட்ரேவி நீரூற்றுக்குப் பக்கத்தில். ஐஸ்கிரீம் ஸ்பானியப் படிக்கட்டில். அந்தக் காட்சியில் ஒரு வேடிக்கை. பின்னால் தெரியும் சர்ச் கடிகாரத்தைக் கவனியுங்கள். இரண்டு நிமிஷப் பேச்சுக்குள் முள் எங்கெங்கோ தாவும். வேடிக்கை பார்க்கக் கூடிய கூட்டத்துக்கு நடுவில் வெயிலில் எத்தனை மணி நேரம் எடுத்தார்களோ!

இன்றைக்கு அதே படியில் அதே மாதிரி உட்கார்ந்தால் அபராதம். 2019-லிருந்து அங்கே உட்காரவே தடை. 400 யூரோ வரை தீட்டலாம். 1720-களில் கட்டிய படி தேய்கிறது, கறை படுகிறது என்பது நகராட்சியின் நியாயம். படத்தைப் பார்த்துவிட்டு ஆசையாகப் போகிறவர்களை போலீஸ்காரர் விசிலடித்து எழுப்புகிறார். இளவரசி இன்று ஓடி வந்தால் மறுபடி தூதரகத்துக்கே போய்விடலாம் என்று நினைப்பாள்.

அடுத்தது வெஸ்பா. இந்த வண்டியைச் செய்த பியாஜியோ, போருக்கு முன் விமானம் செய்த கம்பெனி. ஃபாக்டரி குண்டுவீச்சில் நொறுங்கியது. போருக்குப் பின் விமானத்துக்கு வேலையில்லை. மக்களுக்கோ மலிவாக ஒரு வண்டி தேவை. மோட்டார் சைக்கிளே பிடிக்காத விமான இன்ஜினியர் ஒருவர், கொராதினோ தஸ்கானியோ, 1946-ல் வடிவமைத்துக் கொடுத்தார். பிறகு பஜாஜ் அதே வண்டியை லைசென்ஸ் வாங்கி இங்கே செய்தது. அந்த வம்சத்தில் வந்ததுதான் சேத்தக். ஆட்ரி ஓட்டியதும் நம் பெரியப்பா உதைத்து ஸ்டார்ட் செய்ததும் பங்காளிகள்.

அவர்கள் போகும் இடங்களில் என்னை நிறுத்தி வைத்தது ஒரு சுவர். வியா மார்குத்தா மாதிரி பிரபலமில்லை. பழைய ரோமானிய மதில், வியாலே தெல் பொலிக்லினிகோ என்ற சாலை ஓரம். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன நேர்த்திக்கடன் பலகைகள். போரின்போது குண்டு விழுந்தபோது, பிள்ளைகளோடு நடுத்தெருவில் மாட்டிக்கொண்ட ஒரு மனிதன் இந்தச் சுவரோரம் ஒதுங்கிப் பிரார்த்தித்தான், எல்லோரும் பிழைத்தார்கள், பிறகு வந்து முதல் பலகையை வைத்தான் என்று ஜோ சொல்வான். இளவரசியும் ஒன்று வேண்டிக்கொள்வாள். என்னவென்று சொல்ல மாட்டாள்.

மேப்பில் அந்தச் சாலைக்கு அருகிலேயே சான் லொரென்ஸோ பேட்டை. 1943 ஜூலை 19 அன்று ரோமில் குண்டு விழுந்தபோது மிக மோசமாக அடிபட்ட இடம். ரயில் நிலையத்தைக் குறிவைத்தார்கள், ஆயிரக்கணக்கான குடிமக்களும் செத்தார்கள். போட்டவர்கள் அமெரிக்கர்கள். பத்து வருஷம் கழித்து வந்த அமெரிக்கப் படம், அமெரிக்க நிருபர் வாயால், குண்டு விழுந்தது என்று மட்டும் சொல்கிறது. யார் போட்டது என்று இளவரசியும் கேட்கவில்லை. நானும் முதல் மூன்று தடவை கேட்கவில்லை. படத்தில் உள்ள மாதிரி பலகைகள் நிறைந்த சுவரைத் தேடி இன்று போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

பொய் சொன்னால் கையைக் கடிக்கும் என்று நம்பப்படும் கல் முகம், போக்கா தெல்லா வெரிதா, சாந்தா மரியா இன் காஸ்மெதின் தேவாலய முகப்பில் இருக்கிறது. பழைய காலத்துச் சாக்கடை மூடியாக இருக்கலாம் என்பார்கள். 1632-லிருந்து அங்கே நிற்கிறது. பெக் கையைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டு கை போய்விட்ட மாதிரி நடித்தார். ஆட்ரியிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. அந்த அலறல் நிஜம். இன்றும் அங்கே வரிசையில் நின்று கையை விட்டு போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.

ஆனால் அந்தக் கல்லுக்கு முன்னால் உண்மையில் கையை நீட்டியிருக்க வேண்டியது படத்தின் டைட்டில் கார்டு. கதை என்று அதில் இருந்த பெயர் இயன் மெக்லெல்லன் ஹண்டர். எழுதியவர் டால்டன் டிரம்போ. கம்யூனிஸ்டா என்ற கேள்விக்கு 1947-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் பதில் சொல்ல மறுத்தவர்களில் ஒருவர். 1950-ல் ஜெயிலுக்குப் போனார். எந்தக் கம்பெனியும் அவர் பெயரைத் தொடாது. நண்பர் ஹண்டர் தன் பெயரைக் கொடுத்து, பணத்தை அவருக்குச் சேர்த்தார். படத்துக்கு மூன்று ஆஸ்கர்: ஆட்ரிக்கு, உடை அமைத்த ஈடித் ஹெட்டுக்கு, கதைக்கு. கதை விருது எழுதாதவர் கைக்குப் போனது. பாவம், ஹண்டரும் பின்னால் அதே கறுப்புப் பட்டியலில் விழுந்தார். டிரம்போ 1976-ல் இறந்தார். 1993-ல்தான் அவர் மனைவி கிளியோவிடம் ஆஸ்கரைக் கொடுத்தார்கள். திரைக்கதைக்கான பெயரை எழுத்தாளர் சங்கம் திருப்பிக் கொடுத்தது 2011-ல்.

இது தெரிந்த பிறகு கதையே வேறு மாதிரி தெரிகிறது. அடையாளத்தை மறைத்துக்கொண்டு ஒரு நாள் சுதந்திரமாகத் திரியும் பெண். அவளைக் காட்டிக் கொடுத்தால் ஐயாயிரம் டாலர் என்று காத்திருக்கும் ஒருவன். கடைசியில் காட்டிக் கொடுக்காமல், படங்களையும் அவளிடமே கொடுத்துவிடும் இரண்டு நண்பர்கள். நண்பர்களையே காட்டிக் கொடுக்கச் சொன்ன காலத்தில் எழுதிய கதை இது.

கடைசிக் காட்சி எடுத்த இடம் பலாஸ்ஸோ கொலோன்னா. சனிக்கிழமை காலையில் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போகலாம். படியில் ஒரு பீரங்கிக் குண்டு கிடக்கும். 1849-ல் பிரெஞ்சுப் படை ரோமை முற்றுகையிட்டபோது வந்து விழுந்தது, எடுக்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். எல்லோரும் போன பிறகு ஜோ தனியாக, பேண்ட் பாக்கெட்டில் கையை விட்டுக்கொண்டு நடந்து வருவது அந்த மண்டபத்தில்தான். ஒரு தடவை திரும்பிப் பார்ப்பான். யாரும் இருக்க மாட்டார்கள்.