முக்தாம்பாளின் பெயரில் ஒரு சத்திரம்

ஒரத்தநாட்டுச் சத்திரத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டாம் சரபோஜியில் தொடங்கி அவரிலேயே முடித்துவிடுகிறார்கள். நான் முக்தாம்பாளில் தொடங்க விரும்புகிறேன். எடுத்த எடுப்பிலேயே சொல் சிக்கல் வருகிறது. இவரை என்னவென்று குறிப்பது? ‘காதலி’ என்கிறார்கள் சிலர், ‘ஆசைநாயகி’ என்கிறார்கள் சிலர். ‘அபிமான ஸ்திரீ’ என்பது அரண்மனை வழக்கு. மூன்று சொல்லும் மன்னருக்கு இவர் யார் என்று மட்டுமே சொல்கின்றன. நிச்சயமாகத் தெரிவது ஒன்றுதான்: இவர் ராணி அல்ல.

சாகும் தறுவாயில், தன் பெயர் நிலைக்க ஓர் அன்னசத்திரம் கட்டும்படி மன்னரிடம் கேட்டுக்கொண்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. 1800களின் தொடக்கத்தில், தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை செல்லும் சாலையில் சத்திரம் எழுந்தது. ஊருக்கே முக்தாம்பாள்புரம் என்று பெயரிட்டார்கள். அதே காலத்தில், 1803இல், சரபோஜி தன் போன்ஸ்லே வம்சத்தின் வரலாற்றைப் பெரிய கோயில் சுவரில் மராத்தியில் வெட்டுவித்தார். வம்சத்துக்குக் கோயில் சுவர். வம்சத்துக்கு வெளியே நின்ற பெண்ணுக்கு, வழிப்போக்கர் சாப்பிடும் இடம். அவர் சரியான இடத்தைத்தான் கேட்டிருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.

இது தனிச் சம்பவமும் அல்ல. நீடாமங்கலத்தில் யமுனாம்பாள், மணமேல்குடியில் திரௌபதாம்பாள், மீமிசலில் ராஜகுமாராம்பாள் என்று ராமேஸ்வரம் போகும் வழியெங்கும் மராட்டியர் சத்திரங்கள் பெண்களின் பெயரிலேயே நிற்கின்றன. அவர்களில் முக்தாம்பாளுக்கு மட்டுமே தாலி உறவு இல்லை.

சத்திரம் என்றால் என்ன என்பதை சரபோஜி 1801இல் கம்பெனியின் ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதத்தில் விவரிக்கிறார். 1799 உடன்படிக்கையால் ராஜ்ஜியம் கையைவிட்டுப் போயிருந்த நிலையில், தன் சத்திரங்களைக் காப்பாற்றிக்கொள்ள எழுதிய கடிதம் அது. பிராமணர் முதல் பறையர் வரை எல்லோருக்கும் சோறு. சமைத்ததை உண்ண விரும்பாதவருக்கு அரிசியும் மளிகையும். நள்ளிரவில் மணி அடித்து, சாப்பிடாதவர்கள் இருந்தால் வந்து வாங்கிக்கொள்ளும்படி கூப்பிடுவார்கள். வேதத்துக்கு ஆசிரியர்கள், ஒரு பள்ளி வாத்தியார், விஷக்கடிக்கு வைத்தியர். அநாதைக் குழந்தைகளுக்கு மூன்று வேளைச் சாப்பாடு, நான்கு நாளைக்கொருமுறை எண்ணெய்க் குளியல். கைக்குழந்தைகளுக்குப் பால்.

நான் திரும்பத் திரும்பப் படித்தது இதற்கடுத்த பகுதியை. கர்ப்பிணிகளைப் பரிவோடு நடத்த வேண்டும், சத்திரத்திலேயே பிரசவமானால் செலவைச் சத்திரமே ஏற்கும், மருந்து தரும், பெற்றபின் மூன்று மாதம் தங்கலாம். நிறைமாதத்தில் யார் வழியில் இருந்திருப்பார்கள்? யாத்திரை போனவர்களும் இருந்திருக்கலாம், வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவர்களும் இருந்திருக்கலாம். யாருடைய மனைவி என்று கேட்காமல் மூன்று மாதம் சோறு போட்ட இடம் என்றால், நம் காலத்திலும் அது சாதாரணம் அல்ல. ஆனால் அந்தப் பிரசவங்களைப் பார்த்த பெண்ணைப் பற்றிக் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. வைத்தியர் உண்டு, மருத்துவச்சி இல்லை. சாதி வரிசையும் இருந்தது. சமைத்த சோற்றை மறுக்கும் உரிமைக்குத் தனி ஏற்பாடு செய்தார்கள் என்பதை மறந்துவிட்டு இதைச் சமத்துவம் என்று கொண்டாட என்னால் முடியவில்லை.

படிப்பு விஷயமும் அப்படித்தான். சென்னை மாகாணப் பள்ளிகளைக் கணக்கெடுத்த தாமஸ் மன்றோ, 1826 குறிப்பில் 1,84,110 ஆண் பிள்ளைகளையும் 4,540 பெண் பிள்ளைகளையும் காட்டுகிறார். எழுதப் படிக்கத் தெரிவது ஆடற்பெண்களுக்கே தகும் என்று மற்ற வீடுகள் கருதியதையும் பதிவு செய்கிறார்.

1855இல் சரபோஜியின் மகன் சிவாஜி ஆண் வாரிசில்லாமல் இறந்ததும் கம்பெனி தஞ்சையை எடுத்துக்கொண்டது. மன்னரின் சொந்தச் சொத்துகளும் அதில் போயின. எதிர்த்து வழக்காடியவர் மூத்த ராணி காமாட்சி பாய். சென்னை சுப்ரீம் கோர்ட்டில் வென்றார். லண்டன் பிரிவி கவுன்சில் 1859இல் அதைக் கவிழ்த்தது: அரசின் செயலை நீதிமன்றம் விசாரிக்க முடியாதாம். தாலி கட்டிய ராணியின் உரிமையே இந்தக் கதிக்கு ஆளானபோது, சத்திரங்களுக்காகக் கேள்வி கேட்க யார் இருந்தார்கள்?

சத்திரங்கள் பிறகு ஜில்லா போர்டின் கைக்குப் போயின. 1861இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு ரயில் வந்தது; 1914இல் பாம்பன் பாலமும் திறந்தது. காசியிலிருந்து நடந்து வருகிறவர்கள் குறைந்தார்கள். அடுப்பு அணைந்த இடத்தில் அரசு ஆண்கள் பள்ளியும் மாணவர் விடுதியும் குடியேறின. பள்ளி வந்ததில் எனக்குக் குறையில்லை, டெல்டாவின் எத்தனையோ ஏழைப் பையன்கள் அங்கேதான் சோறும் படிப்பும் பெற்றார்கள். ஆனாலும், கர்ப்பிணிகள் தங்கும் வழக்கமுள்ள சத்திரங்களில் ஒன்று, ஒரு பெண்ணின் பெயரில் எழுந்தது, ஆண் பிள்ளைகளின் வளாகமாகிவிட்டது யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. ஊர்ப்பெயரும் ஒரத்தநாடு என்றே நிலைத்துவிட்டது.

தஞ்சாவூர் மாவட்ட ஆட்சியரின் கீழ் சத்திரங்களுக்கென்று தனி நிர்வாகம் இன்றும் இருக்கிறது. அதன் வேலை நிலம், குத்தகை, கட்டடம். பாலும் பிரசவ மருந்தும் அந்தப் பட்டியலில் இல்லை.