கலம் என்பது யாது?



இக்காலத்து மின்னிசைப் பாடல்கள் சிலவற்றில் சொற்கள் உடைந்தும் சுருங்கியும் வருகின்றன. அவற்றின் பொருள் யாதென என் பேரன் தன் நண்பரோடு ஓயாது வாதிடுவான். அதைக் கேட்கும்போதெல்லாம், ஆயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட தொடர் ஒன்று என் நினைவுக்கு வரும்.

985ஆம் ஆண்டில் அரியணை ஏறியவன் முதலாம் இராசராச சோழன். கல்வெட்டின் தொடக்கத்தில் அரசன் புகழ் பாடும் பகுதிக்கு மெய்க்கீர்த்தி என்று பெயர். இவனுடைய மெய்க்கீர்த்தி, இவன் காந்தளூர்ச் சாலையில் கலம் அறுத்தான் என்கிறது. காந்தளூர்ச் சாலை திருவனந்தபுரத்து வலியசாலைப் பகுதியில் இருந்தது என்பர். ஆனால் கலம் என்பது யாது? மரக்கலமும் கலமே, உண்கலமும் கலமே.

நான் ஆசிரியனாக இருந்தபோது, சேரனின் கப்பல்களை இராசராசன் அழித்தான் என்று ஐயமின்றிக் கற்பித்தேன். அறிஞர் பலர் கொண்ட பொருளும் அதுவே. ஒரு நாள் மாணவன் ஒருவன் எழுந்து, "சார், சாலையில் கப்பல் எப்படி வரும்?" என்றான். வகுப்பு சிரித்தது. நான் அவனை அதட்டி அமர்த்தினேன், விடை கூறவில்லை.

சாலையை அவன் நடைபாதை என்று கொண்டது பிழை. ஆயினும், கேட்க வேண்டிய இடத்திலேதான் கேட்டிருந்தான். நம் மாவட்டத்துப் பார்த்திவபுரத்தில் ஆய் மன்னன் கோக்கருநந்தடக்கன் 866இல் கோயிலோடு ஒரு சாலையையும் நிறுவினான். அதைக் கூறும் செப்பேடு, மூன்று வேதப் பிரிவுகளைச் சார்ந்த 45, 36, 14 ஆக 95 மாணவர்க்கு அங்கு இடம் வகுக்கிறது. அச்சாலைக்கு முன்மாதிரி காந்தளூரே. ஆகவே, சாலை என்பது உண்டி அளித்துக் கல்வி தந்த இடம்.

அவ்வாறாயின், கலம் அம்மாணவர் உண்ட கலமாக இருத்தல் கூடாதோ? தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை (1876–1954) பாவலர் மட்டுமல்லர், கல்வெட்டு ஆராய்ச்சியாளருமாவார். காந்தளூர்ச் சாலையைப் பற்றித் தனி நூலே எழுதிய அவர், அதனை உணவளிக்கும் அறச்சாலையாகக் கண்டார். உண்கலம் என்று கொள்வோருள்ளும், அறுத்தல் என்பது ஊட்டை நிறுத்தியது என்பாரும் உளர். இத்தனை பேர்க்கு என வரையறுத்தது என்பாரும் உளர். ஒரு சொல்லின் பொருள் மாறினால், அரசனின் செயலே மாறிவிடுகிறது!

இராசேந்திரன், இராசாதிராசன், முதற் குலோத்துங்கன் ஆகியோர்க்கும் இப்புகழ் சூட்டப்பட்டுள்ளது. அழித்த கப்பல்களையே அனைவரும் அழித்தனரோ? போர் மீண்டும் மீண்டும் நிகழ்ந்தது என்பர் கப்பல் கட்சியார். இராசாதிராசன் மெய்க்கீர்த்தி அச்சாலையைக் கடலோடு சேர்த்துக் கூறுவதையும் எடுத்துக்காட்டுவர். வழக்கு இன்னும் முடியவில்லை.

மாணவர்களே, விளங்காத சொல்லுக்கு நமக்குப் பிடித்த பொருளை ஏற்றிவிடுதல் எளிது. அச்சொல் அவ்வூரில், அக்காலத்தில் எதைக் குறித்தது என்று தேடுதலே வரலாறு. அன்று அம்மாணவனிடம், "எனக்குத் தெரியாது; இருவரும் தேடுவோம்" என்று நான் கூறியிருக்க வேண்டும். அக்கடனையே இன்று உங்கள் முன் தீர்த்துக்கொள்கிறேன்.