டைப்ரைட்டிங் கிளாஸ் முதல் சமுதாயக் கல்லூரி வரை

என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். பள்ளிப் படிப்பு முடிந்ததும் டைப்ரைட்டிங் லோயர், பிறகு ஹையர். நிமிடத்துக்கு 30 சொல், 45 சொல். தேர்வை நடத்தியது அரசு. அதனால் எந்தத் தெருமுனை இன்ஸ்டிடியூட்டில் பழகினாய் என்று வேலை கொடுப்பவர் யாரும் கேட்டதில்லை. கம்ப்யூட்டர் வந்தபோது இந்த வசதிதான் முதலில் காணாமல் போனது.

சென்னை ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 370 கம்ப்யூட்டர் 1973லேயே வந்துவிட்டது. சாதாரண வீட்டுப் பிள்ளைகளுக்கு அது எட்டாத தூரம். 1981இல் என்.ஐ.ஐ.டி., 1986இல் ஆப்டெக் எனத் தனியார் பயிற்சி நிறுவனங்கள் வந்தன. அவற்றைப் பார்த்து டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்காரர்களும் ஓரமாக ஒரு கம்ப்யூட்டரை வாங்கிப் போட்டார்கள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தூசி பட்டால் மெஷின் கெட்டுவிடுமாம்! கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. வேர்ட்ஸ்டார், லோட்டஸ், டிபேஸ். கரண்ட் போனால் அன்றைய பாடம் அவ்வளவுதான்.

ஆறு மாதத்தில் பளபளப்பாக ஒரு டிப்ளமோ கிடைக்கும். கொடுத்த நிறுவனம் இழுத்து மூடிவிட்டால் அது வெறும் காகிதம். நகையை அடகு வைத்துப் பணம் கட்டியவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. இதற்காகத்தான் மத்திய அரசு 1990இல் டி.ஓ.இ.ஏ.சி.சி. திட்டத்தைக் கொண்டுவந்தது. ஓ, ஏ, பி, சி என நான்கு நிலைகள். தனியார் மையத்தில் படித்தாலும் தேர்வு பொதுத்தேர்வு. பழைய டைப்ரைட்டிங் தேர்வுக்கு உண்மையான வாரிசு என்று இதைத்தான் சொல்வேன். ஆனால் பாடம் கடினம், விளம்பரமும் குறைவு.

அமெரிக்காவில் இந்தச் சிக்கலுக்கு வேறு வழி கண்டிருந்தார்கள். 1901இல் இல்லினாய் மாநிலத்து ஜோலியட் ஊரில் ஆறே மாணவர்களோடு ஒரு இரண்டாண்டுக் கல்லூரி தொடங்கியது. சமுதாயக் கல்லூரிகளுக்கு அதுதான் முன்னோடி. கலிபோர்னியா 1960இல் வகுத்த உயர்கல்வித் திட்டத்தில், இந்தக் கல்லூரியில் யாரும் சேரலாம். இரண்டு வருடம் புரோகிராமிங் படித்துவிட்டு வேலைக்கும் போகலாம், தகுதி இருந்தால் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டுக்கும் போகலாம்.

இந்தியாவின் முதல் சமுதாயக் கல்லூரி 1995இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தது. பிறகு சென்னையிலும் வந்தது. படிப்பை நிறுத்திய ஏழைப் பிள்ளைகளுக்குக் கைத்தொழிலோடு கம்ப்யூட்டரும் சொல்லிக்கொடுத்து, வேலையிடத்தில் பயிற்சியும் தந்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அந்தச் சான்றிதழோடு பட்டப்படிப்புக்கு நேராக ஏற இங்கே படி இல்லை.

அதன் விளைவு 1998 வாக்கில் கண்ணெதிரே தெரிந்தது. வருடத்தை இரண்டே இலக்கத்தில் எழுதிவைத்த பழைய நிரல்களைத் திருத்த ஆள் தேவைப்பட்டது. பட்டம் வாங்கிவிட்டுக் கூடவே கோபால் படித்தவன் அமெரிக்காவுக்கு விமானம் ஏறினான். பிளஸ் டூவும் டிப்ளமோவும் வைத்திருந்தவன் டேட்டா என்ட்ரியிலோ, டி.டி.பி. சென்டரில் கல்யாணப் பத்திரிகை அடிப்பதிலோ உட்கார்ந்தான். அதுவும் சோறு போட்டது, குறை சொல்லவில்லை. ஆனால் புத்தியில் இருவருக்கும் பெரிய வித்தியாசம் இருந்ததாக எனக்குத் தோன்றியதில்லை.

2014இல் பல்கலைக்கழக மானியக் குழு பி.வோக். படிப்பைக் கொண்டுவந்தது. ஓராண்டோடு நிறுத்தினால் டிப்ளமோ, இரண்டாண்டுக்கு உயர்நிலை டிப்ளமோ, மூன்றும் முடித்தால் பட்டம். சாப்ட்வேர் பிரிவும் உண்டு. பேரப்பிள்ளைக்கு இடம் தேடுபவர்கள், பட்டம் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரில் வரும் என்பதை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.